எங்கள் கவுண்டி ஆபீஸ்: மூன்றரை நட்சத்திரம்

பெண்ணுக்கு ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி. எந்தக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) என்று சொல்லப்போவதில்லை. வீட்டுவரி போடுவது அவர்கள்தானே.

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு, கவுண்டரில் இருந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, எந்த ஆஸ்பத்திரி? சொன்னேன். "அது பக்கத்துக் கவுண்டி. பிறந்தது எங்கேயோ அங்கேதான் வாங்கணும்" என்றார். வீட்டிலிருந்து பதினைந்து நிமிட தூரத்து ஆஸ்பத்திரி. வழியில் ஒரு எல்லைக்கோடு போகிறது என்று பிரசவ வலியில் யார் பார்த்தார்கள்?

வந்த கடுப்பில் அந்தக் கோட்டைப் பற்றிப் படித்தேன். 1850-இல், கலிபோர்னியா மாநிலமாவதற்குச் சில மாதங்கள் முன்பே, சட்டமன்றம் 27 கவுண்டிகளை உருவாக்கிவிட்டது. தங்கம் தேடி வந்த கூட்டம் பெருகியது. கோர்ட்டுக்கும் பத்திரப் பதிவுக்கும் குதிரையில் போய்வந்த காலம். அதனால் பெரியதை உடைத்துச் சிறியதாக்கிக்கொண்டே போனார்கள். கான்ட்ரா கோஸ்டாவிலும் சான்டா கிளாராவிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டி 1853-இல் அலமேடா. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 1889-இல் ஆரஞ்ச். கடைசியாக 1907-இல் சான் டியேகோவைப் பிரித்து இம்பீரியல். மொத்தம் 58, அதற்கப்புறம் புதிதாக எதுவும் இல்லை. குதிரை போய்விட்டது, கோடு மட்டும் நிற்கிறது.

சரி, சேவைக்கு வருகிறேன். பக்கத்துக் கவுண்டியில் எல்லாம் சுமுகம். பெற்றோர்தான் என்று உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து, அடையாள அட்டை, கட்டணம், கையோடு சான்றிதழ். பார்க்கிங்தான் கொடுமை.

எங்கள் கவுண்டி மீது என் உண்மையான புகார் வேறு. வீடு வாங்கிய சில மாதங்களில் துணை வரி பில் என்று ஒன்று தனியாக வந்தது. பழைய மதிப்புக்கும் நாம் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வரி. கடன் தவணையோடு வரிப்பணத்தையும் வாங்கி வைக்கிற எஸ்க்ரோ கணக்கிலிருந்து வங்கியே கட்டிவிடும் என்று அசட்டையாக இருந்தேன். அந்த பில் வங்கிக்குப் போவதே இல்லை, நேராக நமக்குத்தான். கெடு தாண்டியதும் 10 சதவீதம் அபராதம். சாவி வாங்குகிற அன்றே பளிச்சென்று ஒரு தாளில் இதைச் சொன்னால் என்ன?

அப்பா திருநெல்வேலியில் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடியோ காலில் முதலில் கேட்டது, "அங்க கலெக்டர் யாருப்பா?" அப்படி ஒருவர் இல்லை என்றேன். கவுண்டியை நடத்துவது ஐந்து சூப்பர்வைசர்கள், மக்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர்கள். கவுண்டி போலீஸுக்குத் தலைவரான ஷெரிஃபும் தேர்தலில் நிற்கிறார், வீட்டு மதிப்பு போடுகிற அசெஸரும் நிற்கிறார். ஜெயில், தேர்தல், கல்யாண லைசென்ஸ் எல்லாம் கவுண்டி. நகராட்சி இல்லாத பகுதிகளுக்குச் சாலையும் போலீஸும்கூட அவர்கள்தான். அசெஸர் ஓட்டுக் கேட்கிறார் என்றதும் அப்பா சிரித்த சிரிப்பு அடங்க நேரமானது.

"ஆனா டேக்ஸ் கலெக்டர்னு ஒருத்தர் இருக்கார்ப்பா" என்றேன்.

"பார்த்தியா அவர?"

"இல்ல. அபராதத்தோட செக் மட்டும் அனுப்பிட்டேன்."