முன்கூட்டியே மாத்திரையா, வாராவாரம் டெஸ்டா? சேலத்தில் இருந்து ஒரு அலசல்

கிட்னி மாற்று முடித்துக்கொண்டு சேலம் திரும்புகிறவர்களின் ஃபைலில் சி.எம்.வி. என்ற பெயர் தவறாமல் இருக்கும். சைட்டோமெகலோ வைரஸ். நம் ஊரில் பெரும்பாலானோர் உடம்பில் சின்ன வயதிலேயே புகுந்து சத்தமில்லாமல் கிடப்பது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகள் ஆரம்பித்ததும் விழித்துக்கொள்ளும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வெள்ளை அணுக்கள் குறைவது எல்லாம் வரும். கிட்னியை அது நேரடியாகத் தாக்குவது அபூர்வம்தான். ஆனால் புது கிட்னியை உடம்பு நிராகரிக்கும் ஆபத்தைக் கூட்டிவிடும்.

தடுக்க இரண்டு வழிகள். வைரஸ் வருவதற்கு முன்பே வால்கான்சைக்ளோவிர் மாத்திரையைத் தொடர்ந்து போடுவது ஒன்று. மாத்திரை இல்லாமல் வாரம் ஒருமுறை ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் பி.சி.ஆர். டெஸ்ட் பார்த்து, வைரஸ் தலைகாட்டினால் மட்டும் மருந்தைத் தொடங்குவது இன்னொன்று. இரண்டுமே ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைகள்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் இருப்பவருக்குச் சரிவரும் வழி, ஏற்காடு எஸ்டேட்டில் இருப்பவருக்கும் சரிவரும் என்று சொல்ல முடியாது.

மாத்திரையின் பலம், யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பது. கிட்னி கொடுத்தவரிடம் வைரஸ் இருந்து, வாங்கியவரிடம் இல்லாமல் இருந்தால் ஆபத்து மிக அதிகம். அவர்களுக்கு 6 மாதம் கொடுப்பார்கள். ஏற்கெனவே வைரஸ் உள்ளவர்களுக்குப் பொதுவாக 3 மாதம். இந்த 6 மாதக் கணக்குக்கு ஆதாரம் 2010-ல் வெளியான ஓர் ஆய்வு. ஆபத்து அதிகமுள்ளவர்களில் 100 நாள் மாத்திரை எடுத்தவர்களில் 36.8 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் சி.எம்.வி. நோய் வந்தது; 200 நாள் எடுத்தவர்களில் 16.1 சதவீதம்தான்.

சிக்கல் வெள்ளை அணுக்களில். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோஃபினோலேட்டும், கிருமித் தொற்றைத் தடுக்கக் கொடுக்கும் கோட்ரைமாக்ஸசோலும் ஏற்கெனவே அவற்றைக் குறைக்கக்கூடியவை. வால்கான்சைக்ளோவிரும் சேர்ந்தால் எண்ணிக்கை சரிந்துவிடலாம். உடனே மைக்கோஃபினோலேட்டைக் குறைப்பார்கள், நிராகரிப்பு பயம் வந்துவிடும். அளவும் எல்லோருக்கும் ஒன்றில்லை. கிட்னி நன்றாக வேலை செய்தால் தினம் 900 மில்லிகிராம், அதாவது 450 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. கொஞ்சம் மந்தமாக இருந்தால் ஒன்று, இன்னும் மந்தமென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். ஆகவே மாத்திரை போட்டாலும் ரத்த டெஸ்டில் இருந்து தப்ப முடியாது. மாத்திரையை நிறுத்திய பிறகு வைரஸ் தாமதமாக வருவதும் உண்டு.

டெஸ்ட் வழியில் மருந்து குறைவு. உடம்பும் வைரஸைக் கொஞ்சம் பார்த்துப் பழகிக்கொள்வதால் தாமதமாக வரும் நோய் குறைகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வைரஸ் ஒன்றிரண்டு நாளில் இரட்டிப்பாகக்கூடியது. சேலத்தில் எடுத்த சாம்பிள் வெளியூர் லேபுக்குப் போய், ரிசல்ட் வந்து, டாக்டரைப் பிடித்து மருந்து எழுதி வாங்குவதற்குள் அது பெருகிவிடும். ஏற்காட்டில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டியவர் மழையில் ஒரு வாரம் தவறவிட்டால் இந்த முறையே படுத்துவிடும். லேபையும் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. லேபுக்கு லேப் எண்கள் மாறும். ஏறுகிறதா இறங்குகிறதா என்றே தெரியாமல் போகும்.

என்னைக் கேட்டால், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மாத்திரைதான், அதில் யோசனையே வேண்டாம். ஏற்கெனவே வைரஸ் உள்ளவர், ரிசல்ட் இரண்டு நாளில் கைக்கு வரும், வீட்டில் காலண்டர் பார்த்து விரட்ட ஆள் உண்டு என்றால் டெஸ்ட் வழியை டாக்டரிடம் தாராளமாகப் பேசலாம். மலைமேல் இருப்பவருக்கு மாத்திரையையே சொல்வேன். லெடெர்மோவிர் என்ற புது மருந்து வெள்ளை அணுக்களை அவ்வளவாகத் தொடுவதில்லை. 2023-ல் அமெரிக்காவில் கிட்னி மாற்று செய்தவர்களில் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கும் அனுமதி கிடைத்தது. விலைதான் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது.

இந்த இரண்டு வழிப் பேச்செல்லாம் சி.எம்.வி.க்கு மட்டும்தான். பி.கே. வைரஸ் என்று இன்னொன்று இருக்கிறது. 1971-ல் கண்டறியப்பட்டது, வேலூரில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று நடந்ததும் அதே வருடம்தான். இது கிட்னியிலேயே குடியிருந்து கிட்னியையே கெடுக்கும். தடுக்க நிரூபணமான மாத்திரை இல்லை. பெரும்பாலும் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியேட்டினின் மட்டும் ஏறும். பார்வைக்கு நிராகரிப்பு மாதிரியே இருக்கும், வைத்தியமோ நேரெதிர். நிராகரிப்புக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும், இதற்குக் குறைக்க வேண்டும். அதனால்தான் முதல் 9 மாதம் மாதாமாதமும், பிறகு 2 வருடம் வரை 3 மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்கிறார்கள். சிறுநீரில் இன்னும் முன்னதாகவே தெரியும், ஆனால் அங்கே தெரிகிற எல்லோருக்கும் கிட்னி கெடுவதில்லை.

இடையில் ஒன்று: மலையில் விற்கும் கமலா ஆரஞ்சு சாப்பிடலாம், பம்பளிமாஸ் வேண்டாம். எதிர்ப்பு சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான டாக்ரோலிமஸின் அளவை அது ரத்தத்தில் ஏற்றிவிடும். மருந்தின் அளவு ஏறினால் இந்த வைரஸ்களுக்குக் கொண்டாட்டம்.

பி.கே. வந்துவிட்டது, மருந்தைக் குறைக்கிறோம் என்று டாக்டர் சொன்னால், "கிட்னி போயிடாதா சார்?" என்று வீட்டில் பதறுவார்கள். இப்போதைக்கு இதற்கு முதல் வைத்தியமே அதுதான். குறைத்த பிறகு கிரியேட்டினினை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், வைரஸ் எண்ணிக்கையை இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறையும் பார்ப்பார்கள். தானாக எந்த மாத்திரையையும் குறைக்காமல், அந்தத் தேதிகளைத் தவறவிடாமல் இருந்தால் போதும்.