எண்ணெய்ப் பம்பா, டீசல் பம்பா: எது உடைந்தால் எஞ்சின் பிழைக்கும்?

அமெரிக்காவில் பழைய டீசல் பிக்கப் வாங்கப் புறப்படுபவர் முன்னால் இரண்டு வகை எஞ்சின்கள் வந்து நிற்கும். ஒன்று, உயர் அழுத்த ஆயில் பம்ப் ஏற்றித் தரும் எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தைக் கொண்டே இன்ஜெக்டரை (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் கருவியை) இயக்கும் ஹியூய் முறை. ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கும் அடுத்து வந்த 6.0 லிட்டரும் இந்த வகை. மற்றொன்று, டீசலையே உயர் அழுத்தத்துக்கு ஏற்றி, ‘ரெயில்’ எனும் பொதுக் குழாய் வழியே எல்லா இன்ஜெக்டருக்கும் அனுப்பும் காமன் ரெயில். இதில் அதிகம் கெட்ட பெயர் வாங்கியது போஷின் சிபி4 பம்ப். 2011 முதல் ஃபோர்டின் 6.7 லிட்டரிலும், ஜெனரல் மோட்டார்ஸின் 2011–2016 டூராமேக்ஸ் எல்எம்எல் எஞ்சினிலும் இருப்பது அதுதான். எந்தப் பம்ப் போனாலும் வண்டி நிற்கும். நின்ற பிறகு எவ்வளவு மிஞ்சும் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

ஹியூயில் ஆயில் சுமார் 500 பிஎஸ்ஐ அழுத்தத்தை எட்டாதவரை இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்சாது. ஓட்டத்தில் அது 3,000 பிஎஸ்ஐ வரைகூட ஏறும். இன்ஜெக்டருக்குள் இருக்கும் பிஸ்டன் அதை ஏறத்தாழ ஏழு மடங்காக்குகிறது. இதில் யாரும் திட்டமிடாத ஒரு நன்மை உண்டு: அழுத்தம் சரிந்தால் எரிபொருளும் நின்றுவிடுவதால், பழுதான நிலையிலேயே நெடுந்தூரம் ஓட்டி எஞ்சினைக் கெடுக்க வழியில்லை.

இந்த உயர் அழுத்தப் பம்ப் உள்ளுக்குள் அரைபட்டுத் துகள் கிளம்பினால் முதல் அடி இன்ஜெக்டரின் ஆயில் வால்வுக்கு. அங்கிருந்து ஆயில், எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்புக்கு வடிந்து, சாதாரண ஆயில் பம்பு வழியாக ஃபில்டருக்குப் போய், அதன் பிறகே பேரிங்குகளை அடைகிறது. இடையில் அந்த ஃபில்டர் இருப்பதுதான் பெரிய ஆறுதல். ஆனால் முழுக் காப்பு அல்ல: ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் ஆயில் இறுகியிருந்தாலோ பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேராக பேரிங்குக்குப் போகும். ஆகவே துகள் கண்ட எஞ்சினில் புதுப் பம்பை மட்டும் மாட்டி ஓட்டுவது சிக்கனமே அல்ல. சம்பைக் கழற்றிக் கழுவ வேண்டும்; ஆயில் ரெயில்களைச் சுத்தம் செய்ய வேண்டும்; இன்ஜெக்டர்களைச் சோதிக்க வேண்டும்.

‘பம்ப் போய்விட்டது’ என்று சொல்லப்படும் எல்லா வண்டிகளிலும் பம்ப் போயிருப்பதில்லை. 2005–07 ஆண்டுகளின் 6.0 எஞ்சினில் பம்பின் வெளியேற்று வாயில் உள்ள, எஸ்டிசி எனப்படும் குழாய் இணைப்பு விரிசல் விடும். ஆயிலை மேலே ரெயிலுக்குக் கொண்டுசெல்லும் ஸ்டாண்ட்பைப் குழாய்களின் ஓ-ரிங்குகள் தேயும். அடையாளம் எளிது: குளிர்ந்த எஞ்சின் கிளம்பும், சூடாக அணைத்தால் திரும்பக் கிளம்பாது. சூட்டில் நீர்த்த ஆயில் கசிவு வழியே ஓடிவிடுகிறது. ஸ்கேன் கருவியில் ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஐபிஆர் வால்வு 85 சதவீதத்தில் நின்றும் அழுத்தம் 500ஐத் தொடவில்லையென்றால், பம்பைக் கழற்றுமுன், அந்த அழுத்தத்தை அளக்கும் ஐசிபி சென்சாரின் துளை வழியே காற்றழுத்தம் கொடுத்து எங்கே சீறுகிறது என்று கேளுங்கள். கசிவு மட்டும்தான் என்றால் எஞ்சினுக்குச் சேதம் ஏதுமில்லை.

சிபி4 இவ்வளவு இரக்கம் காட்டாது. இதற்கு மசகு அதனுள் ஓடும் டீசல்தான். டீசலில் காற்றோ தண்ணீரோ கலந்தாலும், வழவழப்பு குறைந்தாலும் பம்பின் பிஸ்டன்களைத் தள்ளும் கேமும், அதன்மேல் உருளும் ரோலரும் உராயும். ரோலர் தாங்கி திசை திரும்பிவிட்டால் ரோலர் குறுக்காக நின்று கேமைச் சுரண்டும். தூளாகும் எஃகு ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போகிறது. திரும்புக் குழாய் வழியே டேங்குக்கும் போகிறது. பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே ஃபில்டர் இல்லை. எனவே பம்ப், ரெயில், குழாய்கள், இன்ஜெக்டர்கள் எல்லாம் மாற்றி, டேங்கையும் கழுவுவதுதான் முறையான பழுது. திறந்தபடி சிக்கிக்கொள்ளும் இன்ஜெக்டர் இன்னும் மோசம்: சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும், சம்பில் டீசலைக் கலக்கும், பிஸ்டனில் ஓட்டைகூடப் போடும்.

எல்எம்எல் எஞ்சினில் ஆலையிலிருந்தே லிஃப்ட் பம்ப் கிடையாது. டேங்கிலிருந்து டீசலைச் சிபி4 தானே உறிஞ்ச வேண்டும். அதே பம்ப் அங்கே கூடுதல் ஆபத்தில் இருப்பது இதனால்தான். ராம் பிக்கப் நிறுவனம் 2019, 2020 மாடல்களில் சிபி4 பொருத்தி, 2021இல் அந்த வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பழைய சிபி3க்கே திரும்பியது. மூன்று பிஸ்டன் கொண்ட சிபி3 இந்தக் கதையில் ஒதுங்கி நிற்கும் நல்லவன்.

என் தேர்வு ஆயில் பம்ப் பக்கமே, குறிப்பாக 7.3. அதன் பம்ப் எஞ்சினின் முன்புறம், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, 6.0இல் பின்பக்கம், டர்போவுக்கு அடியில். ஆயிலையும் ஃபில்டரையும் ஒழுங்காக மாற்றும் பழக்கம் இல்லாதவருக்கு இரண்டுமே ஏற்றதல்ல.

சிபி4 வண்டிதான் வேண்டும் என்றால், பம்பின் கேம் பகுதிக்கு மசகாக ஓடிய டீசலை இன்ஜெக்டர் பக்கம் போகாமல் திருப்பிவிடும் பைபாஸ் கிட் கிடைக்கிறது. அது பம்பைக் காப்பாற்றாது, மற்றவற்றைக் காப்பாற்றும். வாங்குமுன் பம்பின் அளவுக் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றி, அதன் வலையில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். மினுமினுக்கும் தூள் தெரிந்தால் விலை பேச வேண்டாம்.