நடையா, ஆறா, இரும்பா: 54 வயது முட்டியின் கணக்கு

பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் எனக்குக் கணக்கு வேலை. காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். வயது 54. மாடிப்படி இறங்கினால் வலது முட்டி வலிக்கும். விடிந்து எழும்போது குறுக்கு, அதாவது கீழ் முதுகு, பிடித்துக்கொள்ளும். யோசனை சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? ஒருத்தர் நடக்கச் சொன்னார், ஒருத்தர் ஆற்றுக்குக் கூப்பிட்டார், மகன் ஜிம்முக்குப் போகச் சொன்னான். ஒவ்வொன்றாய்ச் சில மாதம் செய்து பார்த்துவிட்டேன்.

முதலில் நடை. வ.உ.சி. மைதானப் பக்கம் போனால் கூட்டத்தோடு கூட்டமாக நடந்துவிடலாம், செலவும் இல்லை. சமதரையில் நடக்கும்போது முட்டியில் விழும் பாரம் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது மூன்று மடங்கைத் தாண்டும். இதைக் கேட்டுப் பயந்து நடையையே விட்டவர்கள் உண்டு. அது தப்பு. மூட்டிலுள்ள குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அழுத்தி விடும்போதுதான் அது மூட்டுத் திரவத்திலிருந்து சத்தை இழுத்துக்கொள்கிறது. நடக்காத முட்டி பட்டினி கிடக்கும். ஆனாலும் ஆறு மாதம் நடந்த பிறகும் படி இறங்கும் வலி எனக்கு அப்படியேதான் இருந்தது. நடை தொடைக்குப் பெரிய பலம் எதுவும் தரவில்லை.

சைக்கிளில் முட்டிப் பாரம் நடையில் பாதி அளவுதான். வண்ணார்பேட்டை நெரிசலில் மிதிக்க எனக்குத் தைரியம் இல்லை, அதோடு சரி.

ஆற்று விஷயம் வேறு. தாமிரபரணியில் குறுக்குத்துறைப் படித்துறையில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றால் காலில் இறங்கும் எடை மூன்றில் ஒரு பங்குதான். வலி இல்லாமல் காலை வீசலாம், தண்ணீருக்குள்ளேயே நடக்கலாம். அந்த அரை மணி நேரம் எனக்கு முட்டி இருப்பதே மறந்துபோகும். குறை என்னவென்றால், எடையே விழாததால் எலும்புக்கு வேலை இல்லை. படித்துறைப் பாசியில் வழுக்கினால் நீந்தப் போனவன் எலும்பு முறிந்து திரும்புவான். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்து அங்குள்ள முருகன் கோயிலையே மூழ்கடிக்கும்போது நாம் எங்கே இறங்குவது?

கடைசியாக இரும்பு, அதாவது பளுப் பயிற்சி. இதைத்தான் நான் இளக்காரமாக நினைத்திருந்தேன். ராதாபுரம் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவார்கள். பளு தூக்குவது இளவட்டங்களுக்கு என்று பெயரிலேயே இருக்கிறதே, நமக்கெதற்கு என்று இருந்தேன். உண்மையில் வயது ஏற ஏறத்தான் அது தேவை. தசை நம்மைக் கேட்காமலே கரைந்துகொண்டிருக்கும். தொடைத் தசை இளைத்தால் முட்டிதான் அடி வாங்கும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்போடு, 2 நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சியையும் சேர்த்தே சொல்கிறது. நான் ஜிம்மில் சேரவில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருவது, சுவரில் சாய்ந்து பாதி இறங்கி நிற்பது, கொஞ்சம் பழகியதும் ஐந்து கிலோ அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு அதையே செய்வது. மூன்றாம் மாதம் படி இறங்கும் வலி பாதியானது. என்னை ஆற்றுக்குக் கூப்பிட்ட அண்ணாச்சிக்கு இதில் வருத்தம். "என்ன வே, அங்க அரிசி மூடையத் தூக்குறதுக்கு இங்க வந்து முங்கலாம்லா?" என்பார். ஞாயிற்றுக்கிழமை முங்கத்தான் செய்கிறேன்.

முட்டிக்கு என் தேர்வு இரும்பு. நடை அதற்குத் துணை, ஆறு சந்தோஷத்துக்கு. குறுக்கு விஷயத்தில்தான் ஏமாந்தேன். விலை கூடிய நாற்காலி ஒன்று வாங்கினேன். அது பரவாயில்லை, அவ்வளவுதான். உட்கார்ந்தால் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் முதுகுத்தட்டில் அழுத்தம் நிற்பதைவிட அதிகம் என்று சுவீடன் மருத்துவர் நாக்கெம்சன் 1960-களில் அளந்து சொன்னார். 1999-இல் வெளியான ஜெர்மன் ஆய்வாளர்களின் அளவீட்டில் சாய்ந்து தளர்வாக உட்காரும்போது அழுத்தம் குறைவாகவே இருந்தது. ஆக உட்காருவதைவிட ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பதுதான் வினை. நின்று வேலை செய்யும் மேஜையும் அப்படித்தான்: நாள் முழுக்க நின்றால் கால் கனக்கும். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவது இரண்டையும்விட எனக்கு உதவியது. பத்தமடைப் பாயில் சம்மணம் போடுவது நல்ல இடுப்புக்கு நல்ல பழக்கம்தான். ஆனால் எழும்போது சுவரைத் தேடுகிற முட்டிக்காரர்கள் நாற்காலியிலேயே சாப்பிடலாம், கௌரவக் குறைச்சல் இல்லை.

காலில் மரமரப்பு, பலக் குறைவு, சிறுநீர் அடக்க முடியாமை என்று ஏதாவது வந்தால் இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

காலையில் மட்டும் ஏன் பிடிக்கிறது என்பது கடைசியில்தான் பிடிபட்டது. இரவு படுத்திருக்கும்போது முதுகுத்தட்டு தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். பகலில் அது வடிந்து சாயங்காலத்துக்குள் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குட்டையாகிறோம். உப்பியிருக்கும் விடிகாலையில் குனிந்து பாரம் தூக்குவதுதான் முதுகுக்கு ஆகாது. எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருவதோ ஐந்து மணிக்கு. படுக்கையிலிருந்து நேராகக் குடத்தண்டை போய்க் குனிந்துகொண்டிருந்தவன் நான். இப்போது குழாயில் ஒரு ஹோஸ் மாட்டித் தொட்டிக்கு விட்டிருக்கிறேன். விலை 180 ரூபாய். நாற்காலிக்கு ஆனது பதினோராயிரம்.