பேங்க் லோன் வேலையா, ரீட் கம்பெனியா? நம்ம தோட்டத்துப் பொண்ணுங்களுக்கு

சுங்கை சிப்புட் பக்கம் ஃபைனான்ஸ் படிச்சிட்டு கமர்ஷியல் புரோப்பர்ட்டிக்குப் போகணும்னு நினைக்குற தங்கச்சிங்களுக்கு நான் முதல்ல பேங்க்தான் சொல்வேன், ஈப்போவுலயே உக்காந்து கடைவீட்டு வாடகை ஒப்பந்தம், மதிப்பீட்டு ரிப்போர்ட் எல்லாம் புரட்டிப் பாத்து, செலவு போக வாடகை 12,000 வெள்ளி, மாசத் தவணை 10,000 வெள்ளின்னா 1.2 மடங்குதான் வருது, ஒரு கடை காலியானா எப்படிக் கட்டுவாங்கன்னு யோசிக்கப் பழகிடலாம், ராத்திரி அம்மா கைச் சாப்பாடு வேற.

ரீட்னா, பல பேரு காசைச் சேத்து மால், கட்டடம் வாங்கி, வர்ற வாடகையைப் பிரிச்சுக் கொடுக்குற கம்பெனி, அந்த வேலை பெரும்பாலும் கேஎல்தான், ரூம் வாடகையிலயே சம்பளம் கரையும். ஆனா வருமானத்துல 90 விழுக்காடாவது முதலீட்டாளருங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்தாதான் ரீட்டுக்கு வரிவிலக்கு, அதனால கையில காசு தங்காது, அடுத்த மால் வாங்க கடன் எடுக்குறதா, புது யூனிட் (ரீட்டோட பங்கு) விக்குறதான்னு ஓடணும், அந்த ஓட்டத்துல கத்துக்குறது பேங்க்ல கிடைக்காது.

பிரசவ லீவு ரெண்டுலயும் சட்டப்படி 98 நாள், அதுக்குப் பயந்து எதையும் விட்றாதீங்க லா.