வீட்டுக்கும் கொட்டகைக்கும் சேர்த்து அலாரம்: வயரா, வயர்லெஸ்ஸா?

வீட்டுக்கு மட்டும் திருட்டு அலாரம் வைப்பது பெரிய வேலை இல்லை. வீட்டை விட்டுத் தள்ளி ஒரு கார் ஷெட், ஒரு பட்டறை, தோட்டச் சாமான் போட்டுவைக்கும் கொட்டகை என்று இருந்தால்தான் யோசனை நீளும். எங்களுக்கு மூன்றும் உண்டு. வயர் இழுத்துப் பொருத்தும் அலாரம், வயர்லெஸ் அலாரம், வெறும் வைஃபை கேமரா என மூன்றையும் எடைபோட்டுப் பார்த்தபின் வயரைத் தேர்ந்தெடுத்தேன். கடைக்கோடியில் இருக்கும் கொட்டகைக்கு மட்டும் வயர்லெஸ் சென்சார்.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடந்ததைக் காட்டுவதில் அதற்கு இணை இல்லை. ஆனால் ஆள் உள்ளே நுழைந்ததும் ஊரைக் கூட்டுவது சைரன்தான். மரக்கிளை அசைந்தாலும் நிழல் நகர்ந்தாலும் போனுக்கு அறிவிப்பு வந்துகொண்டே இருந்தால், சில நாட்களில் அதைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவோம். கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தால் அந்த அறிவிப்பும் இல்லை. அலாரத்துக்குத் துணையாகக் கேமரா இருக்கட்டும், அலாரத்துக்குப் பதிலாக வேண்டாம்.

மற்ற இரண்டுக்கும் பொதுவானவை நிறைய. கதவில் காந்த சுவிட்ச், அறையில் உடல் வெப்பத்தை உணரும் பி.ஐ.ஆர் சென்சார், கீபேட், சைரன், சிம் வழியாகப் போனுக்குத் தகவல், கரண்ட் போனால் தாங்க ஒரு பேட்டரி. இவை இரண்டு வகையிலும் கிடைக்கும்.

வயர்லெஸ்ஸின் பலம் தெரிந்ததுதான். சுவரை உடைக்க வேண்டாம், ஒரே நாளில் வேலை முடியும், வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். நல்ல தயாரிப்புகளில் சென்சாரும் பேனலும் (எல்லா சென்சாரின் தகவலும் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டி) இருவழியாகப் பேசிக்கொள்ளும். ஒரு சென்சார் பதில் சொல்லாமல் போனால் பேனலுக்குத் தெரியும், அலைவரிசையை யாராவது அடைக்கப் பார்த்தாலும் எச்சரிக்கும். மலிவான 433 மெகாஹெர்ட்ஸ் செட்டுகள் பலவற்றில் இது கிடையாது. சென்சார் ஒரு பக்கமாகக் கத்திவிட்டு ஓய்ந்துவிடும், பேனலுக்குக் கேட்டதா என்று அதற்கே தெரியாது. ரிமோட்டும் மாறாத கோடு அனுப்பும் ரகமென்றால் அதைப் பதிவு செய்து திருப்பி அனுப்பியே அலாரத்தை அணைத்துவிடலாம். அந்த ரகத்தை வாங்கவே வேண்டாம்.

பெட்டியில் போட்டிருக்கும் தூரமெல்லாம் வெட்டவெளிக் கணக்கு. தகரச் சுவர், ஃபாயில் ஒட்டிய கூரை, உள்ளே நிற்கும் கார் எல்லாம் அலையை விழுங்கும். சென்சாரை ஆணியடித்து மாட்டும் முன் ஷெட்டுக்குள் வைத்து, காரையும் உள்ளே நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டுப் பேனலில் சிக்னல் அளவைப் பாருங்கள்.

சரி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன்: பராமரிப்பு.

வீடும் மூன்று கட்டடங்களும் சேர்ந்தால் 15, 20 சென்சார் சுலபமாகத் தேறும். வயர்லெஸ்ஸில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேட்டரி, சிலவற்றுக்கு இரண்டு. எல்லாம் ஒரே நேரத்தில் தீராது, ஒன்று மாற்றி ஒன்று என வந்துகொண்டிருக்கும். அதிலும் வெளிக்கட்டடத்து சென்சார்தான் முதலில் தீர வாய்ப்பு அதிகம். அது தூரத்தில் இருக்கிறது. சிக்னல் பலவீனமாக இருந்தால் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும், அதற்குக் கூடுதல் சக்தி செலவாகும். தகரக் கூரைக்கு அடியில் வெயிலும் குளிரும் வேறு. லித்தியம் பேட்டரி கடைசி வரை ஏறக்குறைய ஒரே வோல்டேஜில் நின்று, அப்புறம் சட்டென்று விழும் குணம் கொண்டது. அதனால் எச்சரிக்கை வந்தபின் தள்ளிப்போட முடியாது. ஏணி எடுத்து, பேனலை சர்வீஸ் மோடில் போட்டு, மூடியைத் திறந்து பேட்டரியை மாற்றி, ஒரு தடவை நடந்து காட்டி சோதிக்க வேண்டும். இதைச் செய்ய நேரமில்லாத இரவில் என்ன நடக்கும்? "இன்னைக்கு மட்டும் அந்த சென்சாரை விட்டுடலாம்" என்று பைபாஸ் போடுவோம், அது அப்படியே நின்றுவிடும். வீட்டை உடைக்கத் தேவையான கடப்பாரையும் ஏணியும் இருப்பது அந்தக் கொட்டகையில்தான்.

வயரில் பெரும்பாலும் பேனலுக்குள் இருக்கும் ஒரே பேட்டரிதான் கணக்கு. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மூடிய லெட்-ஆசிட் பேட்டரி பரவலாகக் கிடைப்பது. பொதுவாக 3 முதல் 5 வருடம் ஓடும், வெக்கையான இடத்தில் வைத்தால் ஆயுள் குறையும். வெளிச் சைரனுக்குள் தனியாகச் சின்ன பேட்டரி இருந்தால் அதையும் சேர்த்து இரண்டு. ஒரு பி.ஐ.ஆர் சென்சார் சுமார் 10 முதல் 15 மில்லியாம்பியர் இழுக்கும். பேனலோடு சேர்த்து மொத்தம் 300 என்று வைத்தாலும் கரண்ட் இல்லாமல் 23 மணி நேரம் என்று கணக்கு வரும். பேட்டரி பழசாகும் என்பதால் அதில் பாதியை நம்பலாம்.

பராமரிப்பில் இன்னொரு பக்கமும் உண்டு. வயர் சென்சார் என்பது 12 வோல்ட் மின்சாரமும் திறந்து மூடும் ஒரு தொடர்பும்தான். எந்தக் கம்பெனி சென்சாரும் அநேகமாக எந்தப் பேனலோடும் சேரும், லைன் முனையில் போடும் ரெசிஸ்டர் அளவை மட்டும் பேனலுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். பேனல் போனால் பேனலை மட்டும் மாற்றலாம். வயர்லெஸ் சென்சார் பெரும்பாலும் தன் கம்பெனி பேனலோடு மட்டுமே பேசும். கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டால், ஒரு சென்சார் பழுதானாலும் மொத்த செட்டையும் மாற்றும் நிலை வரலாம். வீட்டுக் கதவைப் போலப் பல வருடம் இருக்க வேண்டிய ஒரு பொருளுக்கு இது எனக்கு ஒத்துவரவில்லை.

வயருக்கும் தொல்லை உண்டு, முக்கியமாகப் பள்ளம் தோண்டுவது. தோண்டுவது என்று ஆனபின் சிக்கனம் பார்க்காதீர்கள். கான்ட்யூட் பைப்பில் 8 கோர் (உள்ளே எட்டுத் தனிக் கம்பி) கேபிள் போட்டு, கூடவே ஒரு இழுவைக் கயிறும் விட்டுவையுங்கள். 230 வோல்ட் லைன் ஓடும் பைப்பில் இதைச் சேர்க்கக் கூடாது. கேபிளை வெட்டினால் உடனே அலாரம் அடிக்க, இரண்டு கோரை டேம்பருக்கு (யாராவது கைவைத்தால் காட்டிக்கொடுக்கும் சுற்று) ஒதுக்குங்கள். வெளிக்கட்டடத்துக்குப் போகும் 12 வோல்ட் தனி ஃபியூஸ் வழியாகப் போகட்டும், அங்கே ஷார்ட் ஆனால் வீட்டு அலாரமும் சேர்ந்து படுக்கக் கூடாது.

அடுத்தது இடி மின்னல். இரண்டு கட்டடங்களை இணைக்கும் செம்புக் கம்பி, பக்கத்தில் மின்னல் விழும்போது அதிக வோல்டேஜை நேராகப் பேனலுக்குக் கொண்டுவரும். இரு முனையிலும் சர்ஜ் பாதுகாப்பு வேண்டும். கடைக்கோடிக் கொட்டகையில் நான் வயரை விட்டதற்குத் தூரத்தோடு இதுவும் காரணம். பேனல் ஹைப்ரிட் ரகம், அதனால் வயரும் வயர்லெஸ்ஸும் ஒன்றாகவே ஓடுகின்றன.

எந்த வகையானாலும் வெளிக்கட்டடங்களைத் தனிப் பகுதியாகப் பிரித்துவிடுங்கள். வீட்டில் ஆள் நடமாடும் பகலிலும் அவை காவலில் இருக்கும். அங்கே பி.ஐ.ஆரை மட்டும் நம்பவும் வேண்டாம். சுற்றுப்புறம் 35 டிகிரியைத் தாண்டும்போது உடல் வெப்பத்துக்கும் அதற்கும் வித்தியாசம் குறைந்து சென்சார் மந்தமாகும். லென்ஸ் மேல் சிலந்தி ஊர்ந்தால் பொய் அலாரமும் அடிக்கும். கதவுக்குக் கனமான காந்த சுவிட்சை முதலில் போட்டு, பி.ஐ.ஆரை இரண்டாவது காவலாக வையுங்கள். மைக்ரோவேவும் சேர்ந்த சென்சாரில் பொய் அலாரம் குறையும். ஆனால் மைக்ரோவேவ் மரப்பலகையைத் தாண்டிப் போகும், அதன் வீச்சைக் குறைத்து வையுங்கள்.

வயர்லெஸ்ஸில் என் அனுபவம் அந்த ஒரு கொட்டகையோடு சரி. மொத்த வீட்டையும் வயர்லெஸ்ஸில் பல வருடம் ஓட்டியவர்கள் பேட்டரி விஷயத்தில் என்னைவிட நிதானமாகப் பேசக்கூடும். வாடகை வீடு, காங்கிரீட் போட்ட முற்றம், பூச்சு வேலை முடிந்து பைப் விடாத சுவர் என்றால் நானும் நல்ல இருவழி வயர்லெஸ்ஸைத்தான் சொல்வேன்.

பணம் கொடுக்கும் முன் பொருத்துபவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள்: இன்ஸ்டாலர் கோடு. அது கையில் இல்லாவிட்டால் புது சென்சார் சேர்க்கவும் பகுதி பிரிக்கவும் ஒவ்வொரு முறையும் அவரையே கூப்பிட வேண்டிவரும். தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.