லீஃப்ஸ் ரசிகனாக 25 வருடம்: பாவித்துப் பார்த்தவன் சொல்வது

காரைப் பாவித்துவிட்டு அனுபவம் எழுதுகிறார்கள், தொலைபேசியைப் பாவித்துவிட்டு எழுதுகிறார்கள். நான் பாவித்தது ஒரு பனித்தள ஹொக்கி அணியை. ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ். லீக்கின் கோப்பையான ஸ்டான்லி கிண்ணத்தைக் கடைசியாக வென்றது 1967-இல். நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தது 2000-இல். ஆக, உத்தரவாதக் காலம் முடிந்த பொருளைத்தான் வாங்கியிருக்கிறேன், யாரையும் குறை சொல்ல முடியாது.

முதல் சில வருடங்கள் நன்றாகத்தான் போயின. மாட்ஸ் சண்டீன் தலைவர். 2002-இல் கிழக்குப் பிரிவு இறுதி வரை போனார்கள். 2004-இல் ஒட்டாவாவைத் தோற்கடித்தார்கள். அதற்கு அடுத்ததாக ஒரு பிளே-ஓஃப் தொடரை (பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடப்பது, ஏழு ஆட்டம் வரை போகும்) வென்றது 2023-இல். இடையில் என் மகன் பிறந்து, பள்ளிக்கூடம் போய், என்னைவிட உயரமாகிவிட்டான்.

தோல்வி பழகிவிட்டது. 2013-இல் பொஸ்ரனுடன் ஏழாவது ஆட்டம், கடைசிப் பகுதியில் 4-1 என்று முன்னால் நின்று, 5-4 என்று தோற்றார்கள். அன்றைக்கே எல்லாம் பழகிவிட்டது. எனக்கு வயிறு எரிவது சம்பளக் கணக்கைப் பார்க்கும்போதுதான்.

2004-05 பருவம் முழுவதையும் சம்பளச் சண்டையில் இரத்துச் செய்தார்கள். அந்தச் சண்டையில் பிறந்தது, ஓர் அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கும் சம்பளத்துக்கான உச்சவரம்பு. 2024-25-இல் அது 88 மில்லியன் டொலர். எங்கள் அணியில் மத்தியூஸ், நைலண்டர், மார்னர், டவாரஸ் நான்கு பேருக்கும் கணக்கில் போன தொகை மட்டும் 46 மில்லியனைத் தாண்டியது. மிச்சத்தில்தான் கோலி (கோல் காப்பவர்), தடுப்பாட்டக்காரர், மற்ற எல்லோரும். எங்களை 2018-இலும் 2019-இலும் ஏழாவது ஆட்டத்தில் வீட்டுக்கு அனுப்பிய பொஸ்ரனின் முதல் வரிசை பெர்ஜெரோன், மார்ஷண்ட், பாஸ்ட்ர்னாக். அப்போது மூவருக்கும் சேர்த்தே கணக்கில் போனது வருடம் 20 மில்லியன் வராது.

அதுவும் எப்படிக் கொடுக்கிறார்கள் தெரியுமா? டவாரஸ் 2018 ஜூலை 1 அன்று 7 வருடத்துக்கு 77 மில்லியன் ஒப்பந்தம் போட்டார். முதல் வருடத்தில் சம்பளம் என்று பார்த்தால் 650,000 டொலர்தான். 15.25 மில்லியன் கையெழுத்துப் போனஸ். பனியில் கால் வைக்கும் முன்பே காசு வங்கியில். அதே வருடம் நைலண்டர் ஒப்பந்தம் சரிவரவில்லை என்று இரண்டு மாதம் விளையாடவே வரவில்லை. கெடு முடியும் நாளான டிசம்பர் 1 அன்று கையெழுத்திட்டார். நான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். இரண்டு நாள் வராமல் இருந்தால் மூன்றாம் நாள் என் இருக்கையில் வேறொருவர் இருப்பார்.

விளையாட்டு இலேசானது என்று சொல்லவில்லை. 2021-இல் மொன்றியலுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் டவாரஸைத் தூக்குப் படுக்கையில் கொண்டு போனபோது வீட்டில் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. மத்தியூஸ் ஒரே பருவத்தில் 69 கோல் அடித்தவர். திறமையில் குறை இல்லை, அதுதான் கூடுதல் எரிச்சல்.

2020 பெப்ரவரி 22, சனிக்கிழமை. எங்களை எதிர்த்து ஆடிய கரோலினாவின் இரண்டு கோலிகளும் அடிபட்டு வெளியேற, அவசரத்துக்கு இறங்கியவர் டேவிட் அயர்ஸ். வயது 42, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர், பனித்தளம் தேய்க்கும் சம்போனி வண்டி ஓட்டுகிறவர். முதல் இரண்டு அடியும் உள்ளே போயின. சரி, இன்றைக்கு வென்றுவிட்டோம் என்று மகன் சோபாவில் ஏறிக் குதித்தான். அதற்குப் பிறகு வந்த எட்டையும் அந்த மனிதர் தடுத்தார். பதினோரு மில்லியன்காரர்கள் கோலைப் பார்த்து அடிக்கவே தயங்கியதுபோல் இருந்தது. 6-3, கரோலினாவுக்கு. மகன் மெதுவாக இறங்கி, "அப்பா, அவரும் உங்களைப் போல வண்டிதானே ஓட்டுறார்?" என்று கேட்டான். தோற்ற கவலையில் இருந்தாலும் ஒரு பக்கம் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைப்பான்?

2025-இல் புளோரிடாவுடன் முதல் இரண்டு ஆட்டமும் எங்களுக்கு. பிறகு சொந்த அரங்கில் ஐந்தாவதில் 6-1 தோல்வி, ஏழாவதிலும் அதே 6-1 தோல்வி. ஐந்தாவது ஆட்டத்தில் ஜேசியை (அணியின் மேற்சட்டை) கழற்றிப் பனியில் எறிந்தவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். எறிய எனக்கு மனம் வராது, அவ்வளவு விலை. ஆட்டம் முடிந்ததும் மைக் முன்னால் வருடா வருடம் சொல்வதையே சொன்னார்கள். ஒலியைக் குறைத்துவிட்டாலும் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

என் ஜேசி 2019-இல் வாங்கியது. மார்னர் 6 வருட ஒப்பந்தம் போட்டதும், இனி இவர் எங்கும் போகமாட்டார் என்று நம்பி, முதுகில் அவருடைய பெயரும் இலக்கம் 16-ம் தைத்து, வரியோடு 200 டொலருக்கு மேல் கொடுத்தேன். ஒப்பந்தம் முடிந்த கையோடு, 2025 கோடையில், 8 வருடத்துக்கு 96 மில்லியன் என்று லாஸ் வேகாசுக்குப் போய்விட்டார். புதிதாக வாங்க நினைப்பவர்கள் பெயர் போடாமல் வாங்குங்கள்.

எழுத்துகளைத் தையல்காரரிடம் கொடுத்துப் பிரித்தேன். ஆனால் தைத்திருந்த இடத்தில் நீலம் மங்கவில்லை, சுற்றிலும் மங்கிவிட்டது. இப்போது வாசலில் பனி அள்ளும்போது அதைத்தான் போடுகிறேன். தெருவின் அந்தப் பக்கத்தில் நின்றும் 'மார்னர்' என்று வாசிக்கலாம் என்கிறான் மகன்.