ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

மகளின் ஆறாம் வகுப்புக்காகச் சென்னையில் எங்கள் பகுதியில் மூன்று பள்ளிகளைப் பார்த்தோம். மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் நான் முதலில் பார்த்தது கழிவறையைத்தான்: தாழ்ப்பாள் சரியாக விழுந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. கணக்கு டீச்சர் பின்னத்தை விளக்க அட்டையை வட்டமாக வெட்டி, துண்டுகளைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்திருந்தார். எட்டாவதோடு முடிந்துவிடும் என்பதுதான் குறை.

மேல்நிலைப் பள்ளியில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் வகுப்பில் நெரிசல். உதவிபெறும் பள்ளியின் மைதானம் அருமை. முட்டையோடு சத்துணவு மூன்றிலும் உண்டு.

அப்புறம் ஒன்று: மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உதவிபெறும் பள்ளிக்குக் கிடையாது. ஆறாம் வகுப்பிலேயே இதை யோசிக்க வேண்டும். நாங்கள் நடுநிலைப் பள்ளியில் சேர்த்துவிட்டோம்.